குதிரை ஏறத் தெரியுமா?

"குதிரை ஏறத் தெரியுமா உமக்கு?"

கேட்டது வெள்ளை ஏகாதிபத்தியம். கேட்கப்பட்டோர், வரலாறும் சட்டமும் கணக்கும் கற்று, எழுத்துத் தேர்விலே வென்று, ஐ.சி.எஸ். பதவியை எட்டிப் பிடிக்கும் தொலைவிலே நின்ற இளைஞர்கள். ஆளத் தெரியுமா என்று கேட்டதோடு ஓயவில்லை அந்த ஆட்சி. சேணத்திலே அமரத் தெரியுமா என்றும் கேட்டது! எழுத்துத் தேர்விலே தேறிய அரவிந்த கோஷ், குதிரைச் சவாரித் தேர்வை முடிக்காததால் 1892இல் ஒதுக்கப்பட்டார். அவர் வேண்டுமென்றே வராதிருந்தார் என்பாரும் உண்டு. இருக்கட்டும். வராதவரை ஒதுக்க அப்படி ஒரு விதி இருந்ததே, அதுதான் நமக்குப் பாடம்.

1855இல் தொடங்கியது அந்தப் போட்டித் தேர்வு. "திறமையுள்ள எவரும் வரலாம், கதவு திறந்திருக்கிறது!" என்று பறை சாற்றினர். திறந்துதான் இருந்தது கதவு. வாசற்படி மட்டும் இலண்டனில் இருந்தது! கப்பல் கட்டணம் கட்ட வல்லவன், கடல் கடக்கத் துணிந்தவன், அங்கே தங்கிப் படிக்கப் பணம் படைத்தவன் வரலாம். வந்து வெல்லவும் தொடங்கினர் சிலர். உடனே 1876இல் வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைக்க முடிவு செய்தனர். இந்திய மண்ணிலும் தேர்வு நடத்த 1922 வரையில் மனம் வரவில்லை அவர்களுக்கு. சட்டத்திலே சமத்துவம், நடைமுறையிலே நந்தி! குறுக்கே நின்ற அந்த நந்திக்கு அவர்கள் இட்ட பெயர், 'தகுதி'.

வெள்ளையன் போனான். குதிரையும் போயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை, தோழர்களே! அது இன்று குளிரூட்டிய அறையிலே, கண்ணாடிச் சுவருக்குள்ளே, கணிப்பொறி மேசைக்கு அப்பால், கழுத்திலே அடையாள அட்டை அணிந்து அமர்ந்திருக்கிறது.

2000ஆம் ஆண்டிலே தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. பின்னர், பழைய மாமல்லபுரச் சாலை நெடுகிலும் மென்பொருள் மாளிகைகள் வரிசை கட்டி எழுந்தன. அந்த மாளிகைகளின் வாயிலிலே இன்று நிற்கும் இளைஞர் கூட்டத்தைக் காணுங்கள். உழவன் மகன் நிற்கிறான்; தறி நெய்வோன் மகள் நிற்கிறாள்; வீட்டிலே முதன் முதல் கல்லூரி வாசலை மிதித்தவர் நிற்கிறார். அவர்கள் அங்கு வந்து சேர்ந்தது தற்செயலா? அல்ல! தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வேண்டாம் என்று 2006இல் சட்டம் செய்தது தமிழகம். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2021இல் உறுதியாயிற்று. ஒவ்வொரு கதவாகத் திறந்தது பொது முயற்சி. கடைசிக் கதவின் சாவி மட்டும் பொதுவில் இல்லை. அது ஓர் அறைக்குள்ளே, இரண்டு மூன்று பேர் கையிலே இருக்கிறது. அந்த அறைக்குப் பெயர் நேர்முகத் தேர்வு.

அறைக்குள்ளே என்ன நடக்கிறது?

அறைக்குள் நுழையுமுன்பே முதல் சல்லடை. "பத்தாம் வகுப்பிலே 60 விழுக்காடு உண்டா? பன்னிரண்டிலே உண்டா? பட்டப் படிப்பிலே உண்டா? அரியர் உண்டா?" பதினைந்து வயதிலே, அம்மை கண்டு படுத்த ஆண்டிலோ, அப்பன் வேலையிழந்த ஆண்டிலோ, ஆசிரியரே இல்லாத பள்ளியிலே எழுதிய தேர்வின் மதிப்பெண், இருபத்திரண்டு வயதிலே மென்பொருள் எழுதும் திறனுக்குச் சான்றாம்! அந்தச் சல்லடையிலே தப்பியவருக்கு அடுத்தது குழு விவாதம். உரத்த குரலும் ஒய்யார ஆங்கிலமும் உடையவர் முந்துவார். யோசித்துப் பேசுபவர் பிந்துவார். அதையும் கடந்தால் வெள்ளைப் பலகை. "மரத்தைத் தலைகீழாக்கு, பட்டியலைத் திருப்பிப் போடு, நாற்பது நிமிடம், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்!" அதையும் வென்றால் கடைசிக் கேள்வி, கனிவோடு வரும்: "அப்பா என்ன செய்கிறார்? சொந்த ஊர் எது?"

இதுதான் இன்றைய குதிரை!

"தகுதி பார்க்க வேண்டாமா? வருவோர்க்கெல்லாம் வேலையை வாரி வழங்கிவிட முடியுமா?" என்று சீறுவர் சிலர். பார்க்க வேண்டும், ஐயா, பார்க்க வேண்டும்! நாம் அதைத்தான் கேட்கிறோம். வினைக்கு உரியவனை ஆராய்ந்து தேர்வதற்கென்றே தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை ஒதுக்கியவர் வள்ளுவர். ஆராயாதே என்று நாம் கூறுவோமா? நீங்கள் நடத்துவது ஆராய்ச்சியே அல்ல, சடங்கு என்பதுதான் நம் குற்றச்சாட்டு. சடங்கின் இலக்கணம் என்ன? ஏன் செய்கிறோம் என்று கேட்கக் கூடாது. பலன் உண்டா என்று அளக்கக் கூடாது. முன்னோர் செய்தார், நாமும் செய்கிறோம்! கோயிலிலே கண்டால் கேள்வி கேட்கும் பகுத்தறிவாளன், கம்பெனியிலே கண்டால் கைகட்டி நிற்பதா?

அளந்து பார்த்தவர்கள் கூறுவதைக் கேளுங்கள். பணித் தேர்வு முறைகளைப் பற்றி 85 ஆண்டுக் காலம் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து, சுமிட், ஹண்டர் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1998இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். தேர்வு முறை எவ்வளவு நன்றாகப் பிற்காலப் பணித் திறனை முன்கூட்டிச் சொல்கிறது என்பதே கணக்கு. முழுப் பொருத்தம் என்றால் 1, பொருத்தமே இல்லை என்றால் 0. எல்லோருக்கும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த மதிப்பீடு என்று ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வுக்கு 0.51; மனம் போன போக்கிலே உரையாடும் நேர்முகத்துக்கு 0.38. 2022இல் சாக்கெட் முதலியோர் அந்தக் கணக்கிலிருந்த மிகைகளைத் திருத்தி எழுதினர். ஒழுங்குபடுத்தியதற்கு 0.42, ஒழுங்கற்றதற்கு 0.19! இடைவெளி குறையவில்லை, கூடிற்று. "ஐந்து நிமிடம் பேசினால் போதும், ஆளை அளந்துவிடுவேன்" என்று மீசை முறுக்குபவர், முகம் பார்த்துக் குறி சொல்லும் சோதிடருக்கு எந்த வகையிலே வேறுபட்டவர்?

புதிர்க் கேள்விகள் இருந்தன முன்பு. விமானத்துக்குள்ளே எத்தனை பந்து அடங்கும், சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்றெல்லாம் கேட்டு வந்தனர். கூகுள் நிறுவனத்தின் பணியாளர் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013இல் நாளிதழ்ப் பேட்டி ஒன்றிலே, அவை வெறும் நேர விரயம், எதையும் முன்கூட்டிக் காட்டுவதில்லை, கேட்பவர் தம்மை அறிவாளியாக எண்ணி மகிழவே பயன்பட்டன என்ற பொருள்பட ஒப்புக்கொண்டார். அங்கே கழித்துப் போட்டதை இங்கே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நிறுவனங்கள் இன்னும் உண்டு!

வெள்ளைப் பலகையின் கதை இன்னும் வேதனை தருவது. அமெரிக்காவிலே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து, 48 கணினி மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2020இல் முடிவை வெளியிட்டன. ஒரு பாதியினர், ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பலகையிலே விடை எழுத வேண்டும். மறு பாதியினர், அதே கணக்கைத் தனி அறையிலே எழுத வேண்டும். பார்வைக்கு உள்ளானவர்களின் திறன் பாதிக்கும் கீழே சரிந்தது. ஒருவர் பார்க்க எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. தனி அறையிலே எழுதிய பெண்கள் அனைவரும் தேறினர்! சிறிய சோதனைதான்; அதை வேதமாக்க வேண்டாம். ஆனால் அது எழுப்பும் ஐயம் சிறியதா? அந்தப் பலகை எதை அளக்கிறது? நிரல் எழுதும் அறிவையா, நடுங்காமல் நிற்கும் பழக்கத்தையா?

நடுங்காமல் நிற்கும் பழக்கம் எங்கே விளைகிறது? அப்பனும் அண்ணனும் மாமனும் இதே தொழிலில் இருக்கும் வீட்டிலே விளைகிறது. "அவர்கள் இப்படித்தான் கேட்பார்கள், இப்படிச் சொல்" என்று சாப்பாட்டு மேசையிலே பாடம் நடக்கும் வீட்டிலே விளைகிறது. ஆறு மாதம் வேலை தேடாமல் புதிர்ப் பயிற்சியிலே மூழ்கியிருக்கச் சோறு போடும் வீட்டிலே விளைகிறது. ஊரிலே கடன், வீட்டிலே தங்கை, கையிலே வாரக் கூலி வேலை என்று நிற்பவனுக்கு அந்த ஆறு மாதம் கப்பல் கட்டணம்! ஐ.சி.எஸ். தேர்வுக்கு இலண்டன் போகக் காசில்லாதவனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

"சாதியா? மென்பொருள் உலகிலா? அங்கே திறமை ஒன்றே சாதி!" என்று கூறுவோர் உண்டு. பார்ப்போம். சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33! அதே ஆண்டிலே சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லிப் பகுதியிலே பெரிய நிறுவனங்களின் பணியமர்த்தும் அதிகாரிகளைச் சந்தித்து எழுதினர். சாதி பார்ப்பதில்லை என்று சாதித்த அதே அதிகாரிகள், 'குடும்பப் பின்னணி' பார்ப்பது முக்கியம் என்றும் கூறினர்! முன்கதவிலே பூட்டிய சாதி, பின்கதவிலே 'பின்னணி' என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்தது.

நமக்குச் சாதகமான சான்றை மட்டும் காட்டிப் பாதகமானதை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. தில்லியிலேயே நடந்த மற்றோர் ஆய்வு, 2009இல் வெளியானது, மென்பொருள் வேலைகளுக்கு விண்ணப்பித்தோரை அழைப்பதிலே சாதிப் பாகுபாடு தென்படவில்லை என்றும், அழைப்பு மைய வேலைகளிலே தென்பட்டது என்றும் கூறுகிறது. ஏற்போம். ஆனால் அது எந்தக் கட்டத்தை அளந்தது? அழைப்புக் கடிதம் வருகிறதா என்பதை! அழைத்த பின், கதவு மூடிய பின், பேச்சும் உச்சரிப்பும் உடையும் ஊரும் மேசைமீது வந்த பின் நடப்பதை அது அளக்கவில்லை. மென்மையான பேச்சுத் திறன் முக்கியம் எனப்படும் அழைப்பு மைய வேலையிலே பாகுபாடு தலைகாட்டிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். எங்கே அளவுகோல் தெளிவோ, அங்கே பாகுபாடு ஒடுங்குகிறது. எங்கே அளவுகோல் மங்கலோ, அங்கே அது படமெடுக்க இடமிருக்கிறது. நாம் வேண்டுவதும் அந்தத் தெளிவுதான்.

"மனிதனை நம்பாவிட்டால் இயந்திரத்தை நம்புவோம்" என்பர் சிலர். அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு கணிப்பொறி அமைப்பை உருவாக்கியது. பத்தாண்டு விண்ணப்பங்களைக் காட்டி அதற்குப் பாடம் புகட்டினர். அவற்றிலே பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு? 'பெண்கள்' என்னும் சொல் இருந்த விண்ணப்பத்தைக் கண்டாலே மதிப்பைக் குறைக்கக் கற்றுக்கொண்டது அது! கைவிட்டனர், 2018இல் செய்தி வெளிவந்தது. மனு எழுதியதை மனப்பாடம் செய்த கிளி, மனுவைத்தானே ஒப்பிக்கும்? கிளிக்கு இரும்பு உடல் தந்துவிட்டால் நீதி வந்துவிடுமா?

நீதிக்கு விதி மட்டும் போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு கல் சாட்சி. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலம். குடவோலை முறையைப் புகழாத மேடை இல்லை. குடத்திலே ஓலை, குழந்தை கையால் எடுப்பு, அனைவர் முன்னிலையிலும் படிப்பு. எவ்வளவு துப்புரவான முறை! ஆனால் ஓலையிலே யார் பெயர் ஏறும்? வரி கட்டும் நிலமும், தன் மனையிலே கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், மந்திர பிராமணம் ஓதிய படிப்பும் உடையவன் பெயர்! அது சதுர்வேதிமங்கலம். குடத்துக்குள் கை விட்டது குழந்தைதான். குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் எத்தனை பேர்? 'எல்லாத் தேர்விலும் 60 விழுக்காடு' என்பது இன்றைய மந்திர பிராமணம்.

அமெரிக்காவிலே டியூக் மின் நிறுவனம், கறுப்பர்களை அடிமட்ட வேலையிலேயே வைத்திருந்தது. வேலையிலே இனப் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1965 ஜூலை 2இல் நடைமுறைக்கு வந்தது. அன்றே அந்த நிறுவனம் புதிய விதி போட்டது: பள்ளிச் சான்றிதழோடு நுண்ணறிவுத் தேர்விலும் தேற வேண்டும்! 1971இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இடித்துரைத்தது: தேர்வுக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டென்று காட்டு, காட்ட முடியாவிட்டால், உன் எண்ணம் நல்லதாயினும், தேர்வு செல்லாது!

நம் நாட்டிலே? சிறீநகர் வட்டாரப் பொறியியல் கல்லூரியின் சேர்க்கை வழக்கு. 1980 நவம்பரிலே தீர்ப்பு. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. நேர்முகம் நடந்ததோ ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம். கேட்டதோ பெற்றோர் யார், இருப்பிடம் எது என்பது! மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இப்படி வழங்குவது தான்தோன்றித்தனம் என்று கண்டித்தது உச்ச நீதிமன்றம். 15 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம் என்றது. உரையாடலைப் பதிவு செய்வது நல்லது என்றும் கூறியது. மத்திய அரசோ, 2016 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத்தையே நீக்கிவிட்டது. பொதுத் துறையிலே இத்தனை கட்டுப்பாடு, தனியார் துறையிலே? 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற ஒரு சொல் போதும்!

ஆகவே, கடிந்துரைத்ததோடு நில்லாமல், கட்டவேண்டியதையும் கூறுவோம்.

ஒன்று: வேலை எது என்பதை முதலில் எழுதுக. மென்பொருள் வேலை என்பது பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைப் படிப்பது, பிழை எங்கே என்று தேடுவது, திருத்துவது, சோதிப்பது, அடுத்தவருக்கு விளங்க எழுதுவது, விளங்காததைக் கூச்சமின்றிக் கேட்பது. எந்தத் திறன் முதல் நாளே வேண்டும், எது மூன்று மாதத்திலே கற்கத் தக்கது என்று பிரித்தெழுதுக. பட்டியலிலே இல்லாததைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை.

இரண்டு: வேலையைக் கொடுத்தே வேலையைச் சோதிக்க. பிழையுள்ள ஒரு சிறு நிரலைத் தருக, கணிப்பொறி தருக, தேடிப் படிக்க இணையமும் தருக, தனியே விடுக. வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதாயின் இரண்டு மணிக்கு மேல் ஆகாத பணியாக இருக்கட்டும். மிகுந்தால் கூலி கொடுக்க! இரவெல்லாம் உழைத்துக் காட்டச் சொல்வது, கைக்குழந்தையுள்ள தாய்க்கும் இரவுப் பணி செய்வோனுக்கும் கதவடைப்பதாகும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். எழுதியதை விளக்கச் சொல்லுங்கள்; ஒரு தேவையை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். விளங்காமல் ஒப்படைத்தவர் அங்கே வெளிப்பட்டுவிடுவார். தரவு அமைப்பும் அல்காரிதமும் அறிய வேண்டாம் என்போமல்லோம். வேலைக்கு வேண்டிய அளவிலே, வேலையின் வடிவிலே கேளுங்கள் என்கிறோம்.

மூன்று: ஒரே கேள்வி, ஒரே நேரம், ஒரே அளவுகோல். நல்ல விடை எது, நடுத்தரம் எது, போதாதது எது என்று முதல் ஆள் வருமுன்பே எழுதி வைக்க. தேர்வாளர் இருவரேனும் இருக்கட்டும். ஒரே கல்லூரி, ஒரே தெரு, ஒரே பாலினமாக இருக்க வேண்டாம். மேலதிகாரி வாய் திறக்குமுன், ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணையும் காரணத்தையும் தனித்தனியே எழுதி ஒப்படைக்க. 'நம்மோடு ஒட்டுவார் போலத் தெரியவில்லை' என்பது காரணமாகாது. ஒட்டுதல் என்ற பெயரிலே உறவு தேடுகிறீர்களா, ஊழியர் தேடுகிறீர்களா?

நான்கு: கேட்கக்கூடாத கேள்விகளைப் பலகையிலே எழுதி மாட்டுக. அப்பன் தொழில், சொந்த ஊர், சாதி, மதம், திருமணம் எப்போது, குழந்தை உண்டா என்பவை அவற்றிலே முதன்மையானவை. எழுதிய விடையைத் திருத்துவோர் கண்ணுக்குப் பெயரும் படமும் கல்லூரியும் தெரியாதிருக்கட்டும். ஊழியர் பரிந்துரையால் வருவோருக்குத் தனி வழி வேண்டாம். நண்பன் நண்பனைத்தான் அழைத்து வருவான், நண்பர் வட்டமோ விடுதியறையும் வீதியும் தாண்டுவதில்லை.

ஐந்து: ஆங்கிலத்தை அறிவென்று எண்ணாதிருக்க. ஆங்கிலம் வேலைக்கு வேண்டுமா? வேண்டும், கையேடுகளும் குறிப்புகளும் அதிலே உள்ளன. அப்படியானால் அதைச் சோதியுங்கள்! ஒரு பக்கக் கையேட்டைத் தந்து, படித்து அதன்படி செய்யச் சொல்லுங்கள். நான்கு வரி குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்ற விளக்கத்தைத் தமிழிலே கூற விரும்பினால் தமிழிலே கூறட்டும். நாக்கின் நளினத்துக்கா ஊதியம் தருகிறீர்கள்?

ஆறு: முன்கூட்டியே சொல்க. எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், எதைப் பற்றி, எப்படி மதிப்பிடுவோம் என்பதை அழைப்போடு அனுப்புக; ஒரு மாதிரி வினாவும் அனுப்புக. உள்ளே ஆள் உள்ளவனுக்கு இதெல்லாம் தெரிந்துதான் இருக்கிறது; ஆள் இல்லாதவளுக்கும் தெரியட்டும். கண் தெரியாதவர், காது கேளாதவர், திக்கிப் பேசுபவர் ஆகியோர்க்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டுச் செய்க. தேறாதவருக்கும் எது குறை என்று இரண்டு வரி எழுதி அனுப்புக.

ஏழு: எண்ணுக! எத்தனை பெண்கள் விண்ணப்பித்தனர், எந்தச் சுற்றிலே எத்தனை பேர் விழுந்தனர். அரசுப் பள்ளியிலிருந்து எத்தனை, முதல் தலைமுறையிலிருந்து எத்தனை. விரும்பித் தந்த விவரத்தைத் தேர்வாளர் கண்ணில் படாமல் தனியே காத்துக் கணக்கிடுக. அமெரிக்காவிலே 1978 முதல் ஒரு விதி உண்டு: ஒரு பிரிவினர் தேறும் விகிதம், மிகுதியாகத் தேறும் பிரிவினரின் விகிதத்திலே ஐந்தில் நான்கு பங்குக்குக் குறைந்தால், தேர்வையே ஐயுறு என்பது. நூறு ஆண்களில் 50 பேர் தேற, நூறு பெண்களில் 35 பேர் தேறினால், விகிதம் 70 விழுக்காடு, 80க்குக் கீழ், ஆகவே ஆராய வேண்டியது பெண்களின் அறிவையல்ல, உங்கள் வினாத்தாளை! ஓராண்டு கழித்து, உயர் மதிப்பெண் பெற்றவர்தாம் உயர்ந்த வேலை செய்கிறாரா என்று ஒப்பிட்டும் பார்க்க. ஒப்பிடாத தேர்வு, குறி சொல்லிவிட்டு ஊரை விட்டுப் போகும் சாமியாடி!

"இத்தனையும் செய்யப் பணமும் நேரமும் ஏது?" என்பர். வினாவை ஒருமுறை ஒழுங்காக ஆக்க ஒரு வாரம் பிடிக்கும். தவறான ஆளை எடுத்து ஆறு மாதம் சம்பளம் கொடுத்து அனுப்புவதற்கும், சரியான ஆளைத் தெருவிலே விட்டதற்கும் ஆகும் செலவை எந்தப் பேரேட்டிலே எழுதுகிறீர்கள்? நீதி செலவு என்கிறீர்கள். அநீதிக்கு நீங்கள் கட்டும் வரி கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனி, உங்களிடம் சில சொல், தோழர்களே. மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் யார்? எல்லோரும் அரண்மனைப் பிள்ளைகள் அல்லர். நேற்று இதே கேள்விகளுக்கு நடுங்கி, வியர்த்து, எப்படியோ கரையேறிய நம்மவர் பலர் இன்று அந்த நாற்காலியில் இருக்கிறார்கள். அவர்களிலே சிலர், "நான் ஏறினேனே, அவனும் ஏறட்டுமே!" என்கிறார்கள். கொடுமை செய்த மாமியாரிடம் பட்டவள், தானே மாமியாரானதும் மருமகளிடம் கணக்குத் தீர்ப்பது போன்றது இது. பட்ட பாடு ஒருவனை இரண்டில் ஒன்றாக்கும்: பாதையைச் செப்பனிடுபவனாக்கும், அல்லது பள்ளத்துக்குக் காவலனாக்கும்.

அந்த நாற்காலியில் அமரும் நாள் உங்களுக்கும் வரும். பலருக்கு வந்தும் விட்டது. சட்டம் வரட்டும், சங்கம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாத சீர்திருத்தம் இது. அடுத்த வாரமே ஒரு பெண் உங்கள் எதிரில் வந்து அமர்வாள். அவள் வீட்டார் கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுத்திருப்பார்கள். அவளிடம் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வியை இன்றே எழுதுங்கள். எழுதிய கேள்வியின் அருகிலே, அது எந்த வேலைக்கு வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுத வரவில்லையா? அடித்துவிடுங்கள். அது குதிரை.